ஸ்வெட்டர் பின்னுவதைத் தியானம் என்று சொல்லலாமா?

கரோல்பாக்_மாடி:
வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் தில்லியில் குடும்பம் நடத்திவிட்டு இப்போது மகளோடு சென்னையில் இருக்கிறேன். பின்னல் கற்றுக்கொடுத்தவர் கரோல் பாக்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா. ஜனவரி மதியம் மாடியில் வெயில் விழுகிற இரண்டு மணி நேரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். நடுவில் வறுத்த வேர்க்கடலை, எல்லார் மடியிலும் உல்லன். சீதா என்றால் நேர்ப் பின்னல், உல்டா என்றால் எதிர்ப் பின்னல். எனக்கு முதலில் வந்த இந்தியே இந்த இரண்டு சொல்தான்!

இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் 19 நாள் ஐசியூவில் இருந்தார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவருக்கு ஒரு மஃப்ளர் பின்னினேன். எட்டாம் நம்பர் ஊசி, 42 கண்ணி (ஊசியில் ஏற்றுகிற நூல் வளையம்), எல்லா வரிசையும் வெறும் சீதா. அவர் திரும்பி வரவில்லை. மஃப்ளர் ஊசியோடு அப்படியே பையில் கிடக்கிறது.

தூக்கம் போய்விட்டதால் மகள் ஒரு தியான வகுப்பில் சேர்த்தாள். கண்ணை மூடினால் அந்த மானிட்டர் சத்தம்தான் கேட்கிறது. பின்னும்போது மட்டும் கேட்பதில்லை. வகுப்பில் சொன்னேன். “அது பொழுதுபோக்கு அம்மா, தியானம் வேறு” என்றார்கள். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

உண்மையிலேயே வேறுதானா? இன்னொரு கேள்வியும் உண்டு. வெறும் சீதா போட்டால் கை தன் பாட்டுக்கு ஓடுகிறது, மனம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறது. கயிறு முறுக்கினாற்போல் வரும் கேபிள் டிசைன் போட்டால் எண்ணி எண்ணியே தலை சூடாகிறது. எதைப் பின்னினால் மனம் ஒரு இடத்தில் நிற்கும்? சென்னை வியர்வையில் உல்லன் கையோடு ஒட்டுவது தனிப் பாடு.

நூல்கண்டு:
அம்மா, வேறு இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பன்னிரண்டு வருடமாகப் பின்னல் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

31 கண்ணி போடுங்கள். ஒரு சீதா, ஒரு உல்டா, ஒரு சீதா என்று போங்கள். ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு வரிசையும் சீதாவில் தொடங்கிச் சீதாவில் முடியும். எந்த வரிசை என்று நினைவு வைக்க வேண்டாம், எண்ணவும் வேண்டாம். ஆனால் பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் மேடாகத் தெரிகிற கண்ணியைச் சீதாவாகப் போடுங்கள், வழவழப்பாகத் தெரிவதை உல்டாவாகப் போடுங்கள். ஜவ்வரிசி தூவினாற்போல் துணி வரும்.

மனம் நழுவினால் மேட்டின் மேல் மேடு உட்கார்ந்துவிடும். அடுத்த வரிசையில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் எப்போது போனது, எவ்வளவு நேரம் போனது என்று நமக்குத் தெரியாது. இங்கே போன இடத்தை விரலால் தொட்டே காட்டலாம். பதற்றமில்லாமல் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் வாருங்கள், சரிசெய்யுங்கள், திரும்பப் போங்கள். அந்தத் திரும்பி வருதல்தான் எனக்குத் தியானம்.

மூச்சோடு சேர்த்துப் பின்னச் சிலர் சொல்வார்கள். எனக்கு ஒத்துவரவில்லை, கை ஒரு வேகம், மூச்சு ஒரு வேகம். தோள் காதுவரை ஏறியிருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள். சென்னைக்குப் பருத்தி நூலும் மூங்கில் ஊசியும் நல்லது. ஸ்வெட்டர் வேண்டாம். அடுப்படியில் பாத்திரம் பிடிக்க ஒரு சதுரம் போதும்.

தக்ளி_பையன்:
சகோதரி, நான் ஆதாரப் பள்ளியில், அதாவது காந்தி சொன்ன கைத்தொழில் வழிக் கல்விப் பள்ளியில் படித்தவன். தினமும் ஒரு பீரியட் தக்ளி, கையால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கதிர். நாற்பது பையன்கள் தரையில் உட்கார்ந்து பஞ்சிலிருந்து நூல் இழுப்போம். பேசினால் அடி கிடையாது, நூல் அறுந்துவிடும், அதுவே போதும். காந்தி நூற்பதை யக்ஞம் என்றே சொன்னார், தினமும் நூற்றார். அவர் பொழுதுபோக்குக்கா நூற்றார்? உங்கள் வகுப்பில் இதைக் கேளுங்கள்.

இரவுப்பணி:
நான் ஐசியூ நர்ஸ். உங்களைப் போல் வெளியே உட்கார்ந்து பின்னியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹார்வர்டில் இருந்த ஹெர்பர்ட் பென்சன் என்ற இதய மருத்துவர் 1970களில் தியானம் செய்பவர்களின் உடலைப் பரிசோதித்தார். உடலின் இறுக்கம் தளர அவர் சொன்னவை இரண்டுதான்: ஒரு சொல்லையோ அசைவையோ திரும்பத் திரும்பச் செய்வது, குறுக்கே வரும் எண்ணத்தோடு மல்லுக்கு நிற்காமல் அதற்கே திரும்புவது. பின்னலில் இரண்டும் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் பின்னுகிற 3,545 பேரைக் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அதிக அமைதியாக உணர்வதாகச் சொன்னார்கள். ஆனால் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள் சொன்னது அது, மருந்துபோல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் ஒன்று கேட்கிறேன் அம்மா. இரண்டு வருடம் கழித்தும் மானிட்டர் சத்தம் கேட்கிறது என்றால் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. ஊசியைக் கீழே வைக்கச் சொல்லமாட்டார்கள். மணிக்கட்டு வலித்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

கரோல்பாக்_மாடி:
எல்லாருக்கும் நன்றி. 31 கண்ணி போட்டேன். ஆறாவது வரிசையில் மேட்டின் மேல் மேடு. அது என்ன நினைப்பு என்றுகூட ஞாபகம் வந்தது, இன்ஷூரன்ஸ் பேப்பர். பின்னால் வந்து சரிசெய்தேன். பன்னிரண்டாம் தேதி டாக்டரிடம் மகள் நேரம் வாங்கியிருக்கிறாள்.

அப்புறம் பையிலிருந்து மஃப்ளரை எடுத்து அளந்து பார்த்தேன். தொடக்கத்தில் எட்டு அங்குலம். நடுவில் ஆறரை. அதே 42 கண்ணிதான், ஒன்றும் குறையவில்லை. வென்டிலேட்டர் வைத்த நாட்களில் அவ்வளவு இறுக்கிப் பின்னியிருக்கிறேன். கடைசி ஒரு சாண் மறுபடி அகலமாகிறது. அவர் கண் திறந்து என்னைப் பார்த்த இரண்டு நாள் அது.

அவிழ்த்து வேறு ஏதாவது பின்னலாம் என்று எடுத்தது. அவிழ்க்கவில்லை. கண்ணிகளை ஒவ்வொன்றாக மூடி, ஊசியை உருவி, மடித்து அவர் சட்டைகளோடு வைத்துவிட்டேன். அந்த எட்டாம் நம்பர் ஊசியில்தான் இப்போது அடுத்த சதுரம் ஓடுகிறது.