2008 சென்னை ஓப்பன் டென்னிஸ் இறுதிப் போட்டியில் நடாலுக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: ரஷ்ய வீரர் யூஸ்னியிடம் 6-0, 6-1 எனத் தோல்வி. அப்போது நான் சின்னப் பையன், டிவி முன்னால் அழுதேன். ஏன் அப்படித் தோற்றார்?

பதில் 1: களைப்புதான். முந்தின நாள் அரையிறுதியில் ஸ்பெயின் வீரர் மோயாவோடு 3 மணி 54 நிமிடம் ஆடி ஜெயித்தார்! மூன்று செட்டும் டைபிரேக் (6-6 சமனானால் ஆடும் முடிவு ஆட்டம்), 6-7, 7-6, 7-6. நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் மேல் வரிசையில் இருந்தேன். இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயிண்ட்டிலிருந்து நடால் மீண்டபோது பக்கத்துத் தாத்தா என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். கடைசி பஸ் போய்விட்டது, கோடம்பாக்கம் வரை நடைதான். மறுநாள் நடாலுக்குக் கால் எழவே இல்லை.

பதில் 2: நடால், மோயா இருவரும் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்காரர்கள். பிற்பாடு மோயாவே நடாலுக்குப் பயிற்சியாளர் ஆனார்.

கேட்டவர்: அடடா! சரி, அந்த அரையிறுதியின் முழு வீடியோ எங்கே கிடைக்கும்?