டிஸ்லெக்சியா: தமிழில் பயிற்சி தருபவர் திருச்சி, புதுக்கோட்டை பக்கம் உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அறந்தாங்கி. மகன் நான்காம் வகுப்பு, தமிழ் வழி. வாய்விட்டுக் கேட்டால் பாடத்தைக் கடகடவென்று சொல்வான். எழுதச் சொன்னால் 'கோழி' என்பது 'காழே' ஆகிவிடும்; கொம்பு எங்கேயோ, கால் எங்கேயோ. டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் கற்றல் குறைபாடு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்புறம் யாரிடம் போவது என்பதுதான் தெரியவில்லை.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது. ஆனால் இது வாரா வாரம், மாதக்கணக்கில் தொடர வேண்டிய பயிற்சி. தினக்கூலி வீட்டில் அவ்வளவு தூரம் எப்படிப் போய்வர முடியும்? பக்கத்து ஊரில் ஒருவர் 'தெரபிஸ்ட்' என்று போர்டு மாட்டியிருக்கிறார். சிறப்புக் கல்வியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். கட்டணத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார்! ஆன்லைனில் விசாரித்த இடங்களிலெல்லாம் ஆங்கில ஃபோனிக்ஸ்தான் (எழுத்தின் ஒலியை வைத்து வாசிக்கப் பழக்குவது). இவனுக்கு முதலில் தமிழ் வாசிக்க வர வேண்டுமே.

கவுன்சிலில் பதிவு பெற்ற, தமிழிலேயே கற்றுத் தரும் சிறப்புக் கல்வியாளர் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை பக்கம் யாராவது தெரியுமா? ஆன்லைன் என்றாலும் சரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. அதன்படி சான்றிதழ் வாங்கியவர்கள் எந்த அரசு மருத்துவமனையில் வாங்கினீர்கள், என்னென்ன தாள்கள் கேட்டார்கள்? பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் பிள்ளையை அனுப்பியவர்களும் சொல்லுங்கள். மனப்பாடத்துக்கு வல்லாரை லேகியம் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.