மீட்டர் காட்டிய எண்

வீட்டில் குடிக்கும் தண்ணீர் பற்றி மூன்று ஊர்க்காரர்கள் எழுதியவை.

சென்னை மேடவாக்கத்திலிருந்து:

எங்கள் அடுக்ககத்துக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. 2017 கோடையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் பேனா அளவு டிடிஎஸ் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் முக்கினார். 1,140. தான் கொண்டுவந்த பாட்டிலில் முக்கினார். 42. அதற்குமேல் அவர் பேசவே வேண்டியிருக்கவில்லை. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் கழிவுநீர் போகும் என்பதை மாட்டிய பிறகுதான் பார்த்தேன். வீணாகிறதே என்று அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். இலை ஓரம் கருகிச் செத்தது. செடி போகட்டும். மாதந்தவறாமல் குடிநீர் இணைப்பு கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவன் நான். மெஷின் வந்தபின் ஒன்றுகூட எழுதவில்லை. சங்கக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தபோது யாரும் நிமிரவில்லை. எல்லோர் வீட்டிலும் மெஷின் இருக்கிறது. காவலாளி மட்டும் கார் கழுவும் குழாயில் பாட்டிலைப் பிடித்துக் குடிக்கிறார்.

மதுரையிலிருந்து:

நாங்கள் 20 லிட்டர் கேன் கட்சி. கேன் போடும் தம்பியிடம், "மூடியில் தேதியே இல்லையே?" என்றேன். "எந்தத் தேதி வேண்டும் அண்ணா?" என்று கேட்டான்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து:

மேடவாக்கம் சார், அந்த மீட்டரை ரொம்ப நம்பாதீர்கள். கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. எங்கள் சிக்கல் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு; அளவு கூடினால் பல்லில் கறை விழும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது. உங்கள் 1,140இல் அது எந்த மூலை?

என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் காவிக் கறை. குழுப் படத்தில் எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்போம். அம்மா தினமும் விறகடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் கொடுப்பார். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். கல்லூரியில் இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பெதிரே புகையில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, தெருக்குழாயில் காவிரி. அதைக் குடித்து வளர்ந்த தங்கை மகளுக்குப் பல்லில் கறை இல்லை. அம்மா அந்தத் தண்ணீரையும் கொதிக்கவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.