பெட் சைசிங்: ‘பணயம் வகுத்தல்’ பொருந்துமா?

டர்பனிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். நம் போக்கர் கலைச்சொல் பட்டியலில், எவ்வளவு பணயம் வைப்பது என்று தீர்மானிக்கும் பெட் சைசிங் என்பதற்கு ‘பணய அளவு’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆகவேண்டும். அளவு என்றதும் எத்தனை ராண்ட் என்றுதான் மனதில் படும். ஆட்டத்தின் கணக்கோ, நடுவில் சேர்ந்த பணயக் குவியலில் அது எத்தனை பங்கு என்பதில் இருக்கிறது.

600 ராண்ட் குவியலில் 200 வைத்தால் மூன்றிலொரு பங்கு. எதிராளியும் ஈடாக 200 போட்டு மொத்தம் 1000-க்கு ஆடுகிறார். 20 சதவீத வெற்றிவாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். அதே 200-ஐ 100 ராண்ட் குவியலில் வைத்தால் அவருக்கு 40 சதவீதம் வேண்டும். வைப்பவர் பக்கமும் மாறிவிடும். கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டும் வெறும் பிளஃப் என்றால், முதலாவதில் நாலு தடவைக்கு ஒரு தடவை எதிராளி சீட்டை மடக்கி விலகினால் போதும், நட்டமில்லை. இரண்டாவதில் மூன்றுக்கு இரண்டு தடவை மடக்கவேண்டும்.

நம்மூர்ச் சீட்டாட்டமான துனி ஆடிப் பழகிய கைகளுக்கு இது எளிதில் பிடிபடாது. துனியில் கேள்வி, அதாவது ஏலம், பத்துப் பத்தாக ஏறும். கேட்பது நேரான எண். அதே பழக்கத்தில் போக்கரிலும் ஒரே தொகையை எல்லாச் சுற்றிலும் வைத்தால், ரிவர் என்னும் கடைசிச் சுற்று வரும்போது அது குவியலுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போகும்.

‘பணயம் வகுத்தல்’ என்பது என் பரிந்துரை. பணயத்தைக் குவியலால் வகுப்பதும் வகுத்தல்தான், வியூகம் அமைப்பதும் வகுத்தல்தான்.

போர்ட் லூயியிலிருந்து:

வணக்கம் ஐயா. வினைக்கு நன்றாக வருகிறது. பெயராக்கினால் ‘பணய வகுப்பு’ ஆகி, வாசிப்பவர் பள்ளிக்கூடத்தை நினைப்பார். ஆகவே வகுத்துக் கிடைக்கும் பங்கைப் ‘பணய வீதம்’ என்போம்: அரை வீதம், முழு வீதம், இரட்டை வீதம்.

வரையறையில் இன்னொன்றும் வரவேண்டும். வீதத்தை ஃப்ளாப்பிலேயே, அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விரிந்ததுமே, ரிவர் வரை கணக்கிட்டுத்தான் எடுக்கிறோம். குவியல் 100, கையில் 1300 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்றும் முழு வீதம் என்றால் 100, 300, 900. கையிருப்பு முழுக்க உள்ளே போய்விடும். அரை வீதம் என்றால் 50, 100, 200, ஆக மொத்தம் 350-தான். பலமான சீட்டோடு முதல் சுற்றில் கஞ்சத்தனம் பண்ணினால் கடைசியில் 950 கையிலேயே தங்கும். நான்காம் பொதுச் சீட்டு விழும் டர்னில் சரிசெய்யலாம் என்றால் அப்போது தேவைப்படும் வீதம் மிகப் பெரிதாகி எதிராளி விலகிவிடுவார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

இரண்டு சொல்லும் எனக்குச் சம்மதம். ஆனால் ‘கைச்சீட்டின் பலத்துக்கு ஏற்ப’ என்ற தொடரை வரையறையில் சேர்த்துவிடாதீர்கள். நல்ல சீட்டுக்குப் பெரிது, சுமாரான சீட்டுக்குச் சிறிது என்று வைத்தால், கவனிக்கும் எதிராளி அரைமணி நேரத்தில் படித்துவிடுவார். வீதத்தைத் தீர்மானிப்பது விரித்த சீட்டுகளும், இருவர் கையிலும் இருக்கக்கூடிய சீட்டுகளின் முழு வீச்சும். ராஜா, 7, 2 மூன்று வேறு இனத்தில் விழுந்தால், ஃப்ளாப்புக்கு முன்பே பணயத்தை ஏற்றியவர் மூன்றிலொரு வீதத்தில் அடிக்கடி வைக்கலாம். அங்கே எதிராளிக்குப் பிடிமானம் குறைவு. 9, 8, 7 விழுந்து அதில் இரண்டு ஒரே இனமென்றால் பெரும்பாலும் பேசாமல் விடுவது நல்லது. வைத்தால் மூன்றில் இரண்டு வீதத்துக்குக் குறையவேண்டாம்.

ஒரே வீதத்துக்குள் நிஜமும் (பலமான சீட்டோடு வைப்பது) பிளஃபும் கலந்திருக்கவேண்டும். ரிவரில் முழு வீதம் என்றால் இரண்டு நிஜத்துக்கு ஒரு பிளஃப், அரை வீதம் என்றால் மூன்றுக்கு ஒன்று. பிளஃப் இதைவிடக் குறைந்தால் எதிராளி கவலையில்லாமல் மடக்குவார். கூடினால் எந்தச் சீட்டை வைத்துக்கொண்டும் அதே தொகையைப் போட்டு ஈடுகட்டுவார்.

குவியலைவிடப் பெரிதாக வைக்கும் ஓவர்பெட்டுக்குப் பட்டியலில் உள்ள ‘மிகைப்பணயம்’ எனக்கு உறுத்துகிறது. தேவைக்கு மேல் வைத்துவிட்ட பிழை மாதிரி ஒலிக்கிறது. எதிராளியிடம் உச்சச் சீட்டு இருக்க வழியில்லை என்று ஆட்டப்போக்கு காட்டும்போது, தெரிந்தேதான் குவியலைத் தாண்டி வைக்கிறோம். ‘குவியல் தாண்டிய பணயம்’ என்று மாற்றலாமா?