உத்திரட்டாதிக்கு வடக்கே ஒரு மங்கல் புள்ளி

குழு: சேர்வராயன் மலை உறவுகள்
மார்கழி மாதம், சனிக்கிழமை

நான், மாலை 5:40
அனைவருக்கும் வணக்கம். மேலே அனுப்பியிருப்பது ஆண்ட்ரோமீடா என்னும் விண்மீன் திரளின் படம். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பகுதி பகுதியாக எடுத்த சுமார் 600 காட்சிகளை ஒன்றோடொன்று பொருத்தி, 2025 ஜனவரியில் இதை வெளியிட்டார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால் இதன் அருமை கைப்பேசியில் தெரியாது. முழுப் படத்தில் 250 கோடி பிக்சல்கள் இருக்கின்றன. கணினியில் அதைத் திறந்து, ஓரத்தில் வெறும் பனிமூட்டம்போல் தெரிந்த ஓர் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். மூட்டம் முழுவதும் புள்ளிகளாகப் பிரிந்தது, இன்னும் பெரிதாக்கியபோது புள்ளிகளுக்கு இடையிலும் புள்ளிகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 20 கோடி விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்தறியலாம் என்கிறார்கள். அரை மணி நேரமாக நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

அம்மா, மாலை 5:52
சின்ன வயதில் ஆத்தூர்ப் பக்கம் பேருந்தில் போகும்போது ஜவ்வரிசி ஆலைக் களங்களைப் பார்ப்பேன். தூரத்திலிருந்து வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டதுபோல் இருக்கும். இறங்கிக் கிட்டே போனால்தான் அது மணி மணியாகக் காய்வது தெரியும். இந்தப் படமும் அப்படித்தானா?

பெரியப்பா, மாலை 6:05
உன் அம்மா சொன்ன உவமையைவிடப் பொருத்தமான ஒன்றை, முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்திய நானும் சொன்னதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் களத்தில் காயும் ஒவ்வொரு மணியும் ஒரு சூரியன். அதுவும், நம் சூரியனைவிட ஒளி மிகுந்த மணிகள் மட்டுமே இந்தப் படத்தில் கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்கின்றன. ஆண்ட்ரோமீடாவில் மொத்தம் ஒரு லட்சம் கோடி விண்மீன்கள் இருக்கலாம் என்பது கணிப்பு. நம் சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் இந்தப் படத்தில் அது அகப்படாது.

தம்பி, மாலை 6:11
பெரியப்பா, எனக்கு ஓர் ஐயம். நம் ஜவ்வாது மலையில், காவலூரிலேயே பெரிய தொலைநோக்கி இருக்கிறதே. இதை எடுப்பதற்கு எதற்காக விண்வெளிக்குப் போக வேண்டும்?

பெரியப்பா, மாலை 6:24
நல்ல கேள்வி, கண்ணு. காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர் அகலம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வேறுபாடு ஆடியில் இல்லை, நம் தலைக்குமேல் இருக்கும் காற்றில் இருக்கிறது. கிணற்றின் அடியில் கிடக்கும் காசு, நீர் அசையும்போது நெளிந்து நெளிந்து தெரிவதைப் பார்த்திருப்பாய். அதேபோல, 25 லட்சம் ஆண்டுகள் நேராகப் பயணம் செய்து வந்த ஒளி, கடைசியில் நம் காற்றைக் கடக்கும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் குலைந்துபோகிறது. அருகருகே இருக்கும் இரண்டு விண்மீன்கள் ஒரே கறையாகக் கலந்துவிடுகின்றன. ஹப்பிள் தரையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் அந்தக் குலைவு அதற்கு இல்லை. நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியும் அப்படி மேலே இருந்தபடி இதே ஆண்ட்ரோமீடாவைப் படம்பிடித்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அம்மா, மாலை 6:28
இந்த நீலமும் மஞ்சளும் உண்மையான நிறங்களா, மாமா?

பெரியப்பா, மாலை 6:33
வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்து, பிறகு நிறம் கொடுத்துச் சேர்ப்பார்கள். ஆனால் அந்த நிறங்களுக்குப் பொருள் உண்டு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, வெண்மையை நெருங்கும் அல்லவா? அதற்கும் மேலே சூடேறினால் நீலம். ஆகவே சுருள் கைகளில் நீலமாகத் தெரிபவை, வெகு வெப்பத்தோடு வேகமாக எரிந்து தீரும் இளம் விண்மீன்கள். நடுவே மஞ்சளாகத் திரண்டிருப்பவை வயதானவை. குறுக்கே ஓடும் கரிய கோடுகள் தூசி.

ஏற்காடு சித்தி, மாலை 6:40
என் மகள் படத்தைப் பார்த்துவிட்டு, அவ்வளவு தொலைவை யார் போய் அளந்தார்கள் என்று கேட்கிறாள். எனக்கும் அதுதான் புரியவில்லை.

பெரியப்பா, மாலை 6:58
யாரும் போகவில்லை, ஒரே ஒரு விண்மீன்தான் சொன்னது. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை ஆண்ட்ரோமீடா நம் பால்வெளிக்குள் இருக்கும் ஒரு வாயு மேகமா, வெளியே தனியாக இருக்கும் இன்னொரு திரளா என்பதில் வானியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் என்ற வானியலாளர் (தொலைநோக்கிக்கு இவர் பெயர்தான்), கலிபோர்னியாவின் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியைக் கண்டார். திடீரென வெடிக்கும் விண்மீன் என்று எண்ணி அதன் அருகே ஓர் எழுத்தைக் குறித்தவர், பழைய தகடுகளோடு ஒப்பிட்ட பிறகு அந்த எழுத்தை அடித்துவிட்டு, மாறு விண்மீன் என்பதற்கான குறியை வியப்புக்குறியோடு எழுதினார். அது சுமார் 31 நாளுக்கு ஒருமுறை மங்கி ஒளிரும் செஃபீட் வகை விண்மீன். அவ்வகை விண்மீன்கள் எவ்வளவு மெதுவாக மங்கி ஒளிர்கின்றனவோ, அவ்வளவு உண்மையான ஒளி உடையவை என்பதை ஹென்றியெட்டா லீவிட் என்ற பெண்மணி 1912ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். உண்மையான ஒளியும் தெரிந்து, நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதும் தெரிந்தால் தொலைவு கிடைத்துவிடும். ஹப்பிளுக்குக் கிடைத்த விடை சுமார் ஒன்பது லட்சம் ஒளி ஆண்டுகள் (ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு ஓர் ஒளி ஆண்டு). பின்னாளில் செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்று தெரிந்து அது திருத்தப்பட்டது. இன்றைய மதிப்பு 25 லட்சம். பாப்பாவிடம் சொல்: 20 கோடிப் புள்ளிகளைக் காட்டும் இந்தப் படத்தை நாம் புரிந்துகொள்ள முடிவதே, அன்றைக்கு அந்த ஒற்றைப் புள்ளியை ஒருவர் உற்றுப் பார்த்ததால்தான்.

நான், இரவு 7:04
சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால், அந்தக் கல்லைச் செதுக்கிய கை பிறப்பதற்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. அதுமட்டுமல்ல, இந்தத் திரள் நமக்கு மிகவும் சாய்வாகத் தெரிவதால், அதன் அப்பக்கத்து ஓரத்திலிருந்து வரும் ஒளி இப்பக்கத்து ஓரத்து ஒளியைவிட ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. ஒரே படத்தின் இரண்டு விளிம்புகளும் வெவ்வேறு காலங்களைச் சேர்ந்தவை என்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை.

தம்பி, இரவு 7:09
அது நம் பால்வெளியோடு மோதும் என்கிறார்களே?

பெரியப்பா, இரவு 7:13
வினாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. ஆனால் 2025இல் வந்த ஆய்வு ஒன்று, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதுவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்கிறது. அதை விடுங்கள். நாளை மறுநாள் அமாவாசை, மலையில் பனி இறங்கவில்லை என்றால் சித்தி வீட்டிலிருந்து இன்றே அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, காப்பிக் களத்தில் வடக்கே பார்த்து நில்லுங்கள். உச்சிக்குச் சற்று வடக்கே உத்திரட்டாதியின் வடக்கு விண்மீன் இருக்கும். அங்கிருந்து வடகிழக்காகச் செல்லும் வரிசையில் இரண்டாவது விண்மீனில் நின்று, வடமேற்காகத் திரும்பி, மங்கலான இரண்டு விண்மீன்களைத் தாண்டுங்கள். நேராக முறைக்காமல், சற்று ஓரக்கண்ணால் பாருங்கள்.

அம்மா, இரவு 7:15
உத்திரட்டாதி என் நட்சத்திரம். இத்தனை வருடம் அர்ச்சனைக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன். வானத்தில் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை.

ஏற்காடு சித்தி, இரவு 7:52
தெரிகிறது. முதலில் பத்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, ஊதிவிட்ட மூச்சுக்காற்று குளிரில் நிற்பதுபோல நீளவாக்கில் ஒரு சிறு மங்கல். பாப்பாதான் முதலில் கண்டாள்.

பெரியப்பா, இரவு 7:54
அது நடுப்பகுதி மட்டும்தான். முழுத் திரளும் கண்ணுக்குத் தெரியுமானால், ஆறு முழுநிலாக்களை வரிசையாக வைத்த அகலத்துக்கு நீளும். இங்கே சேலம் அஸ்தம்பட்டித் தெருவிளக்குகளுக்கு நடுவே எனக்கு உத்திரட்டாதியே சரியாகத் தெரியவில்லை. நீங்கள் பார்ப்பதை எழுதிக்கொண்டே இருங்கள்.

நான், இரவு 7:56
சித்தி, நாளை மாலை அம்மாவை அழைத்துக்கொண்டு மலைக்கு வருகிறேன். பெரியப்பா, நீங்களும் கிளம்பி இருங்கள். நான்கு மணிக்கு வண்டியோடு உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன்.