பையா, அன்டில்லா? ஆங்கில மின்னஞ்சலில் குழப்பும் சொற்கள், உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வேலை தொடர்பான மின்னஞ்சல்களை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். இலக்கணம் ஓரளவு வரும், ஆனால் சில சொற்களில் கை நின்றுவிடுகிறது. இப்போது எழுதும் மடலில் சந்தேகமான வாக்கியங்கள் இவை:

'ஐ வில் சென்ட் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே.'
'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.'
'த டிலே வில் எஃபெக்ட் த ஷெட்யூல்.'

எதற்கும் கணினி சிவப்புக் கோடு போடவில்லை. குழப்பும் சொற்களை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்து பார்த்தேன். எழுதும்போது இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. வேறு வழி உண்டா?

பதில் 1:
சிவப்புக் கோட்டை நம்பாதீர்கள். எழுத்துப்பிழை திருத்தி, அப்படி ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். நீங்கள் எழுதிய எல்லாமே சரியான சொற்கள், இடம்தான் மாறியிருக்கிறது.

முதல் வாக்கியத்துக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவீர்களா, வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருப்பீர்களா? 'க்குள்' என்றால் பை, 'வரை' என்றால் அன்டில். ஆகவே 'பை ஃப்ரைடே'. இப்போது எழுதியிருப்பதைப் படிப்பவர், தினமும் ஒரு ரிப்போர்ட் வரப்போகிறது என்று நினைக்கலாம். ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதீர்கள். ஒரு சொல்லை எடுத்து, நீங்கள் அடிக்கடி எழுதும் ஒரு முழு வாக்கியத்தோடு பழகுங்கள். அது கைவந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. இரண்டாவது வாக்கியம் அதற்கு நல்ல உதாரணம்.

கால அளவைச் சொன்னால் ஃபார், தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ். 'மூன்று வருடமாக' என்பது அளவு, அதனால் 'ஃபார் த்ரீ இயர்ஸ்'. '2019 முதல்' என்றால் 'சின்ஸ் 2019'. இதுவரை தமிழோடு ஒத்துப்போகிறது. சிக்கல் வினையில் இருக்கிறது. 'மூன்று வருடமாக வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோனால் 'ஐ ஆம் வொர்க்கிங்' வந்து விழுகிறது. முன்பு தொடங்கி இன்னும் நடப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வினையை விட்டுவிட்டால் பாதிப் பிழை அப்படியே நிற்கும்.

அஃபெக்ட், எஃபெக்ட்: உங்கள் வாக்கியத்தில் 'பாதிக்கும்' என்ற வினை தேவை, அதனால் ஏ-யில் தொடங்கும் அஃபெக்ட். 'பாதிப்பு', 'விளைவு' என்ற பெயர்ச்சொல் வேண்டுமானால் ஈ-யில் தொடங்குவது. எஃபெக்ட்டை வினையாக எழுதுவதும் உண்டு, ஆனால் அப்போது 'ஒன்றை நடந்தேறச் செய்வது' என்று பொருள் மாறிவிடும். 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்று படித்தால் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, மூன்றையும் மாற்றிவிட்டேன். ஒரு துணைக் கேள்வி. 'த ரிப்போர்ட் வோன்ட் பி ரெடி அன்டில் ஃப்ரைடே' என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். ரிப்போர்ட் தயாராவது ஒரே ஒரு தடவைதானே, அங்கே ஏன் அன்டில்?

பதில் 1:
நல்ல கேள்வி. அங்கே நீடிப்பது 'தயாராக இல்லாத நிலை'. அது வெள்ளி வரை நீடிக்கும், வெள்ளியன்று கைக்கு வரும். அதே இடத்தில் பை போட்டால் 'வெள்ளிக்குள் தயாராகாது' என்று ஆகிவிடும். அப்படியானால் அதற்கும் பிறகுதான் கிடைக்கும். ஒரு சிறு சொல்லால் கெடுவே தள்ளிப்போகிறது, அதனால் எதிர்மறை வாக்கியத்தை அனுப்புமுன் இன்னொரு முறை படியுங்கள்.

பதில் 3:
நான் இரண்டு சேர்க்கிறேன். 'அட்வைஸ்' பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். இதில் ஒலியும் மாறும்: வினையின் முடிவில் இசட் ஒலி. பிரிட்டிஷ் முறையில் 'ப்ராக்டிஸ்', 'லைசன்ஸ்' இரண்டும் இதே கணக்கில் எழுதப்படும், ஆனால் ஒலி மாறாது. அமெரிக்க முறையில் ப்ராக்டிஸுக்கு எப்போதும் சி, லைசன்ஸுக்குப் பின்பாதியில் எப்போதும் எஸ். உங்கள் அலுவலகத்தில் எந்த முறை என்று பார்த்துக் கணினியின் மொழி அமைப்பையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

அப்புறம், 'இட்ஸ்'. மேற்குறி போட்டால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' மட்டுமே. விரித்துப் படித்துப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் குறியை எடுத்துவிடுங்கள்.