நோட்டில் ஒட்டிய பில் வெளுக்கிறது, முல்லை பூஞ்சை பிடிக்கிறது: என்ன செய்யலாம்?

புள்ளிக்கோலம்:
வணக்கம். அன்றாடம் நடக்கிற சின்னச் சின்ன விஷயங்களை ஒட்டியும் வரைந்தும் எழுதியும் வைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். 192 பக்கம், சாதாரணத் தையல் நோட்டு. கடை பில்லில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிட்டது. ஃபெவிகால் தடவிய பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. முல்லைப்பூ கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. பாதி நோட்டு தாண்டுவதற்குள் மூட முடியாமல் வாய் பிளந்து நிற்கிறது. எழுத உட்கார்ந்தால் "இன்று நல்ல மழை" என்பதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. பழகியவர்கள் சொல்லுங்களேன்.

மைக்கூடு:
முதலில் பில். அதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சு பூசிய தாள் அது. மெஷின் சூட்டால்தான் எழுதுகிறது. வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை, பசை, செல்லோ டேப் எல்லாமே அந்தப் பூச்சைக் கெடுக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். சந்தேகமாக இருந்தால் தாளின் ஓரத்தை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அந்தத் தாள்தான். பஸ்ஸில் மெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட்டும் பெரும்பாலும் இதே வகை.

வாரம் ஒருமுறை பில், டிக்கெட்டுகளை ஒரு ஏ4 அளவுக்குள் அடுக்கி ஒரே ஜெராக்ஸாக எடுத்து, வெட்டி, அந்த நகலை ஒட்டுங்கள். ஜெராக்ஸ் கறுப்பு அப்படிச் சீக்கிரம் மங்காது. 70 சதவீதத்துக்குச் சுருக்கி எடுத்தால் நீளமான மளிகை பில்லும் பக்கத்துக்குள் அடங்கும்.

நெளிவுக்குக் காரணம் பசையில் இருக்கும் தண்ணீர். சாதாரண நோட்டுத் தாள் 60 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) சுற்றித்தான் இருக்கும், ஈரம் பட்ட இடம் மட்டும் உப்பி, காயும்போது இழுத்துக்கொள்கிறது. பசைக் குச்சி வாங்குங்கள். பக்கத்தில் தடவாமல், ஒட்டப் போகும் துண்டின் ஓரத்தில் மட்டும் அரை செ.மீ. அகலத்துக்கு மெல்லிசாகத் தடவி ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் வைத்து, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகம் ஏற்றி வையுங்கள். அடுத்த நோட்டு வாங்கும்போது 100 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல் பாருங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளாகிப் பசை கசியும்.

நோட்டு வாய் பிளப்பதைத் தடுக்க வழி, தாளைக் குறைப்பது. ஆனால் கிழித்து எடுக்காதீர்கள். தையல் நோட்டில் ஒவ்வொரு தாளுக்கும் மறுபாதி தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒன்றைக் கிழித்தால் இன்னொன்றும் கழன்று வரும். தையலிலிருந்து 1 செ.மீ. விட்டு ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டுங்கள். அடியில் அட்டை வைக்க மறக்க வேண்டாம். மூன்று தாளுக்கு ஒன்று வெட்டினால் 96 தாளில் 64 மிஞ்சும். மிச்சம் நிற்கும் அந்த 1 செ.மீ. துண்டு, ஒட்டுகிற பொருளின் தடிமனுக்கு முதுகுப் பக்கம் ஈடு கொடுக்கும்.

ஏட்டுச்சுவடி:
எழுதுவதைப் பற்றி நான் சொல்கிறேன். "நல்ல மழை" என்பதில் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இல்லை. அதனால்தான் அடுத்த வரி வருவதில்லை. மணி, இடம், காதில் விழுந்த ஒரு பேச்சு, கையில் இருந்த பொருள். இந்த நாலும் இருந்தால் போதும். இப்படி:

"மாலை 5.40. பஸ் ஸ்டாப் தகரக் கூரை. பூக்காரம்மா ஈரச் சாக்கைக் கூடைமேல் இழுத்துவிட்டுக்கொண்டே, 'நனைஞ்சா கனம் ஏறும்மா, வெல ஏறாது' என்றார். கையில் ஒரு முழம், பாக்கி சில்லறை."

மழை என்ற சொல்லே இதில் இல்லை, பாருங்கள். பேச்சை மட்டும் திருத்தாதீர்கள். "நனைந்தால்" என்று மாற்றிய அந்த நிமிஷமே அந்த அம்மா போய்விடுவார். காதில் விழுந்த பேச்சு ராத்திரிக்குள் மறந்துவிடும். அப்போதைக்கு அதை மட்டும் போனில் தட்டி வையுங்கள்.

தேதி அச்சடித்த டைரி வேண்டாம். விட்டுப்போன நாளெல்லாம் வெள்ளைப் பக்கமாக நின்று மனசை உறுத்தும். ஜெல் பேனா மை பலதும் ஈரத்தில் ஓடும். ஒரு வரி எழுதி, ஒரு நாள் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள்.

கோலத்துக்கு முழுப்படம் வரைய நேரமில்லாத அன்று "ஊடுபுள்ளி, 7-4" என்று எழுதினாலே புள்ளி வைத்துவிடலாம்: நடுவரிசை 7, இரண்டு பக்கமும் 6, 5, 4, ஒவ்வொரு புள்ளியும் முன்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில். ஒரே ஒரு வளைவை மட்டும் பக்கத்தில் வரைந்தால் மிச்சம் நினைவுக்கு வரும்.

காகிதப்பூ:
முல்லை, மல்லியின் வெள்ளை நிற்காது. எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும் பழுப்பாகும். அதைச் சுற்றிக் கட்டிய வாழைநாரைக் காயவைத்து ஒட்டுங்கள். முடிச்சு முடிச்சாக அழகாக இருக்கும், கெடவும் கெடாது. பூவே வேண்டுமென்றால் காகிதப்பூதான் (போகன்வில்லா) முதல் தேர்வு, ஈரமே குறைவு. சங்குப்பூ, வேப்பிலையும் நன்றாக வரும். சாமந்தியை முழுசாக அழுத்தினால் நடுவில் ஈரம் தங்கும்; இதழைப் பிரித்து வையுங்கள்.

செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, மேலே 5 கிலோ அரிசிப் பை. முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். பூஞ்சை வருவது இதைச் செய்யாததால்தான். அப்புறம் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இரண்டு வாரம் ஆகும், மழைக்காலத்தில் மூன்று. எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மைதாப் பசை மட்டும் வேண்டாம், புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

புள்ளிக்கோலம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வெட்டும் வேலையை இன்றே தொடங்குகிறேன். போனில் எடுத்த படங்களை ஒட்டலாமா? ஒரு படமே பக்கத்தை அடைத்துக்கொள்கிறது.

மைக்கூடு:
தாராளமாக. நாலு படத்தை ஒரே 4×6 அங்குலத்தில் சேர்த்து ஸ்டூடியோவில் ஒரு பிரதி போடுங்கள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று வெட்டினால் 2×3 அளவில் நாலு கிடைக்கும். இதற்கு மட்டும் டபுள் சைட் டேப் நல்லது. தேதியைப் படத்துக்குக் கீழே நோட்டிலேயே எழுதுங்கள். பின்பக்கம் எழுதினால் அந்த வழவழப்பில் ஜெல் மை காயாமல் அடுத்த படத்தில் அப்பிக்கொள்ளும்.